நண்டு வைத்த கவசம்

எங்கள் வேதக் கோயிலில் சிலையாக நின்ற சம்மனசானவர், அந்தத் தேவதூதர், சட்டை போட்டிருக்கிறாரா, வெறும் மேலோடு நிற்கிறாரா என்பது ஊரில் நெடுநாள் தீராத வழக்கு. உடம்பை நாங்கள் மேல் என்போம். பீடத்துக்கு வலப்பக்கம், பிசாசின் கழுத்தில் ஒரு காலை ஊன்றி, கையில் ஈட்டியோடு நிற்பார். தொப்புள் தெரியும். வயிற்றுத் தசை கட்டுக்கட்டாகத் தெரியும். கழுத்திலிருந்து இடுப்பு வரை தோல் நிறத்தில் பெயின்ற். அப்படியானால் வெறும் மேல்தானே? ஆனால் அந்த நெஞ்சின் நடுவில் தலைமயிரை விரித்துப்போட்ட ஒரு முகம் இருக்கும். அதற்குக் கீழே இறக்கை வைத்த இரண்டு மிருகங்கள் ஒன்றையொன்று முறைத்தபடி நிற்கும். மனிசரின் மேலில் மிருகம் முளைக்குமா? பச்சை குத்தியிருப்பார் என்றார்கள் சிலர். சம்மனசுக்குப் பச்சை குத்துகிற ஆள் யார் என்று திருப்பிக் கேட்டார்கள் சிலர். சின்ன வயதில் இதற்காக நானும் அண்ணனும் மயிரைப் பிடித்துச் சண்டை போட்டிருக்கிறோம். நான் சட்டைக் கட்சி, அவன் மேல் கட்சி.

வழக்கைத் தீர்த்து வைத்தவர், நாங்கள் வளர்ந்த பிறகு எங்கள் பங்குக்கு வந்த புதுச் சாமியார். ரோமாபுரியில் படித்தவர். முதல் ஞாயிறு சுரூபத்தைக் கண்டதும் வந்த சிரிப்பைப் பூசை முடியும் வரை அடக்கிக்கொண்டு நின்றதாகப் பிறகு சொன்னார். அது சட்டைதான், ஆனால் வெண்கலச் சட்டை. அந்தக் காலத்து ரோமைத் தளபதிகளும் இராசாக்களும் ஆண் உடம்பின் வடிவத்திலேயே வெண்கலத்தை அடித்து மார்பில் பூட்டிக்கொள்வார்களாம். அங்கே நூதனசாலைகளில் கல் இராசாக்கள் வரிசையாக அப்படித்தான் நிற்கிறார்களாம். தசை, தொப்புள், அதன் மேல் இறக்கை மிருகம், பூக்கொடி, கை கட்டப்பட்டுக் குந்தியிருக்கும் தோற்றவர்கள் எல்லாமே கவசத்தின் மேல் செய்த சித்திரவேலை. எங்கள் சுரூபத்துக்கு எப்போதோ திரும்பப் பெயின்ற் அடித்தவர் தொப்புளைக் கண்டு இது உடம்புதான் என்று முடிவுகட்டி, எல்லாவற்றையும் ஒரே நிறமாக இழுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

நான் வென்றுவிட்டேன். அண்ணன் அதோடு விடவில்லை.

"அப்ப சாமி, உள்ளுக்க இரிக்கிற இராசா தொந்தி வண்டி வெச்ச ஆளெண்டாலும் வெளியால மல்லன்தானா?"

"ஓம். இன்னொண்டு சொல்லட்டா? கல்லில உடம்பை முன்னமே செதுக்கி வெச்சிருவாங்களாம். தலையை மட்டும் பிறகு செஞ்சு பூட்டுறது. இராசா மாறினா தலையை மாத்தினாக் காணும்."

அண்ணன் இதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். அவனுக்கு இப்படி ஒரு கதை கிடைத்தால் ஒரு கிழமைக்குச் சோறு தேவையில்லை.

அவன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். அப்பா காய்ச்சலில் போன பிறகு நெல் லொறியில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலைக்குப் போனான். ஒருமுறை மூட்டையோடு விழுந்து இடப்பக்கக் காறை எலும்பு முறிந்தது. கட்டுப் போட்ட வைத்தியர் அவசரப்பட்டாரோ, இவன்தான் கட்டோடு ஆடித் திரிந்தானோ, எலும்பு ஒட்டிய இடத்தில் புளியங்கொட்டை அளவில் ஒரு புடைப்பு நின்றுவிட்டது. அவன் மேல் கழுவிவிட்டு வரும்போதெல்லாம் அம்மா அதைத் தொட்டுப் பார்ப்பார். "நோகுதா மனே?" என்பார். "இல்லம்மா" என்பான். வருசக்கணக்காக இதே கேள்வி, இதே பதில்.

பெரிய வெள்ளிக்கு முந்திய அந்தத் தபசு காலத்தில் சாமியார் ஆண்டவருடைய பாடுகளின் நாடகம் போட நினைத்தார். முன்பு எங்கள் ஊரில் போட்டபோதெல்லாம் ரோமைச் சேவகர்கள் கூத்து உடுப்பில்தான் வருவார்கள். கண்ணாடி பதித்த முடியும் புயத்தில் கட்டிய சிறகுமாகப் பஞ்சபாண்டவர் எருசலேமில் வந்து இறங்கியது போல இருக்கும். இந்த முறை அந்தச் சேவகர்களின் நூற்றுவர் தலைவனுக்காவது சரியான கவசம் வேண்டும் என்று சாமியார் பிடிவாதமாக நின்றார். தலைவன் எங்கள் அண்ணன். தகரத்தில் அடிக்கலாம் என்றால், தகரத்தைக் கொண்டுவரும் வழியில் ஒவ்வொரு ஆமிக் காவலிலும் இறக்கி ஏற்றி விளக்கம் சொல்ல வேண்டும். பேப்பரில் ஒட்டலாம் என்று சொன்னவர் அம்மாதான். பள்ளிக்கூடத்தில் முகமூடி ஒட்டியது அவருக்கு நினைவிருந்தது.

லொறியில் ஓட்டமாவடிக்குப் போன அண்ணன் அங்கே ஒரு கடையில் முரட்டுப் பேப்பர் ஒரு கட்டு வாங்கி வந்தான். வேப்பிலை அவித்த தண்ணீரில் மரவள்ளி மாவைப் போட்டுக் கூழ் காய்ச்சினோம். முற்றத்தில் பாயை விரித்து அவன் மல்லாந்து படுத்தான். அம்மா அவன் நெஞ்சிலும் வயிற்றிலும் தேங்காய் எண்ணெய் பூசி, பழைய வேட்டித் துண்டொன்றை விரித்து, அதன் மேல் பேப்பரைக் கிழித்துக் கிழித்து ஒட்டத் தொடங்கினார். நான் கூழ் தடவிக் கொடுத்தேன்.

"தசை தெரியிற மாதிரி பஞ்சு வெச்சி ஒட்டுங்கம்மா. ரோமைத் தளபதி விலா எலும்போட வந்தாச் சனம் சிரிக்கும்."

"என்ட புள்ளைக்கு இரிக்கிறது காணும். பேசாமக் கிட."

பேசாமல் கிடப்பது அவனால் ஆகிற காரியமா? பேசினால் நெஞ்சு ஏறி இறங்கும், ஒட்டு விலகும். காயும் வரை அசையக் கூடாது, ஈரத்தில் கழற்றினால் வடிவம் போய்விடும் என்று அம்மா அதட்டினார். பங்குனி வெயில். காலையில் படுத்தவன் மத்தியானம் தாண்டியும் கிடந்தான். பசிக்குது என்றான். அம்மா சோற்றைக் குழைத்துக்கொண்டு வந்து தலைமாட்டில் குந்தி, உருண்டை உருண்டையாக வாயில் வைத்தார். காகம் ஒன்று வந்து அவன் வயிற்றின் மேல் ஏறி நடந்தது. சிரிக்கக் கூடாதென்று அவன் பல்லைக் கடித்துக்கொண்ட முகம் இப்போதும் என் கண்ணுக்குள் இருக்கிறது.

தூக்கி எடுத்தபோது அது அவனேதான். விலா எலும்பு, ஒட்டிய வயிறு, தொப்புள், இடப்பக்கம் அந்தப் புடைப்பு. முன்பக்கம் மட்டும்தான். முதுகுக்குப் பேப்பர் போதவில்லை. பின்னால் நாடா வைத்துக் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

சித்திரவேலையில்தான் பிரச்சினை வந்தது. சாமியார் ஒரு படம் கொண்டுவந்து காட்டினார். தலையும் கைகளும் உடைந்துபோன ஒரு கல் இராசா. நெஞ்சில் எங்கள் சம்மனசுக்கு இருந்த அதே இறக்கை மிருகங்கள்.

"இது என்ன மிருகம் சாமி?" என்று அம்மா கேட்டார்.

"பாதி கழுகு, பாதி சிங்கம்."

அம்மா படத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்தார். "பாதியெண்டாலும் சிங்கம் சிங்கம்தானே சாமி. இயக்கப் பொடியன்மார் கண்டா என்ன சொல்லுவாங்க?"

"அப்ப புலியை வைங்கம்மா," என்றான் அண்ணன்.

"வாயை மூடு. ஆமிக்காரன் கண்டாச் சுட்டுப்போட்டுத்தான் விளக்கம் கேப்பான்."

அந்த நாளில் எங்கள் பக்கத்தில் ஒரு மிருகத்தைக் கீறுவதென்றாலும் யோசித்துத்தான் கீற வேண்டும். ஒன்று ஒரு பக்கத்தின் கொடியில் இருந்தது, மற்றது மற்றப் பக்கத்தின் கொடியில். அம்மா ஒருவர் கொடியிலும் இல்லாத ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்தார். எங்கள் ஊரை ஒட்டிக் கிடக்கும் வாவியின் நண்டு இரண்டு. பேப்பர்க் கூழைப் பிசைந்து, காலை விரித்து, கொடுக்கைத் தூக்கி, எதிரெதிராக நிற்கும்படி நெஞ்சில் ஒட்டினார். மேலே வெள்ளிப் பெயின்ற் அடித்ததும் சாமியார் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ரோமாபுரியிலும் இப்படியொன்று இல்லை என்றார். அது புகழ்ச்சிதானா என்று அம்மா என்னிடம் கேட்டார்.

பெரிய வெள்ளியன்று அண்ணன் அதைக் கட்டிக்கொண்டு மேடைக்கு வந்தான். பின்பக்கம் வெறும் முதுகும் நாடாவும் என்பதால் சனத்துக்கு முதுகு காட்டக் கூடாது. உள்ளே போகும்போதெல்லாம் பின்னுக்கு நடந்தே போனான். முதுகு காட்டாத தளபதி என்று ஊரில் பெயர் வந்தது. கடைசியில் சிலுவையடியில் நின்று, இவர் ஒரு பாவமும் செய்யாத மனிதர் என்று அவன் சொல்ல வேண்டிய இடம். குரல் உடைந்துவிட்டது. தளபதிக்கு அழுகை வரலாமா என்று பிறகு நான் கேலி செய்தேன். பதில் சொல்லாமல் அவன் விட்ட கேலி அது ஒன்றுதான்.

அந்த வருசத்து மழைக்கு முன், ஒருநாள் விடிய ஆமிக்காரர்களின் சுற்றிவளைப்பு. ஆண்கள் எல்லாரும் பள்ளிக்கூட வளவுக்கு வர வேண்டும் என்றார்கள். அண்ணன் கிணற்றடியில் மேல் கழுவிக்கொண்டு நின்றான். இடுப்பில் கட்டிய சாரத்தோடும் ஈரத்தோடும் அப்படியே கூட்டிக்கொண்டு போனார்கள். அம்மா அவன் போட்டுக்கொள்ளச் சேட் ஒன்றை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார். வாசலில் நின்ற ஆமிக்காரன் துவக்கைக் குறுக்கே பிடித்தான். வளவுக்குள் சாக்கால் முகத்தை மூடிய ஒருவனைக் கதிரையில் இருத்தியிருந்தார்கள். ஒவ்வொருவராக அவன் முன்னால் நடக்க வேண்டும். அவன் தலையாட்டினால் வாகனத்தில் ஏற்றுவார்கள். அண்ணனுக்கு அவன் தலையாட்டினான். ஏன் என்று இன்றுவரை தெரியாது. சாக்குக்குள் இருந்தவனைப் பிடித்து வைத்து அடித்திருப்பார்கள், அவனும் பாவம்தான் என்று எனக்குப் பலர் சொன்னார்கள். இருக்கட்டும். நான் அவனை மன்னிக்கவில்லை.

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். அண்ணன் வெறும் மேலோடு வாகனத்தில் ஏறினான். அம்மாவின் கையில் சேட் இருந்தது.

அதன்பிறகு அம்மா முகாம் முகாமாக நடந்தார், நானும் கூடவே நடந்தேன். படம் கேட்டார்கள். அவனுடைய ஒரே படம் அடையாள அட்டையில் இருந்தது, அதைச் சுற்றிவளைப்பின்போதே வீட்டுக்குள் வந்து வாங்கிக்கொண்டுவிட்டார்கள். ஒருநாள் அம்மா கவசத்தைச் சீலையில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புறப்பட்டார். பைத்தியமா உங்களுக்கு என்று கத்தினேன். அவர் காதில் ஏறவில்லை. முகாம் வாசலில் சீலையை விரித்ததும் வெள்ளி பளிச்சென்று தெரிய, காவலில் நின்றவன் துவக்கை நீட்டிக்கொண்டு கத்தினான். நாங்கள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றோம். உள்ளேயிருந்து ஓர் அதிகாரி வந்தார். அவரும் ஒரு கவசம் போட்டிருந்தார். தடித்த, தட்டையான, தொப்புள் இல்லாத கவசம். எங்களுடையதைத் தூக்கி விரலால் தட்டிப் பார்த்தார். பேப்பர் என்று தெரிந்ததும் சிரித்தார்.

"ஐயா, இந்த எலும்பு இப்பிடித்தான் இரிக்கும்," என்று அம்மா புடைப்பைக் காட்டினார். "முகம் தெரியாட்டியும் பறவாயில்ல. இந்த இடத்தைத் தொட்டுப் பாருங்க. இப்பிடி ஒரு புள்ள உள்ளுக்க இரிக்கானா எண்டு பாருங்க."

அவர் சிரிப்பை நிறுத்தித் தொட்டுப் பார்த்தார். மெதுவாகத்தான் தொட்டார், அதையும் சொல்லத்தான் வேண்டும். பிறகு, "இங்க இல்ல அம்மா," என்று உடைந்த தமிழில் சொல்லிக் கவசத்தைத் திருப்பித் தந்தார். எந்த வாசலுக்குப் போனாலும் எங்களுக்குக் கிடைத்தது இந்தச் சொல்தான்.

அடுத்த தபசு காலத்தில் சாமியார் தயங்கித் தயங்கி வந்து கவசத்தைக் கேட்டார். வேறொரு பையன் தலைவனாக நடிக்கிறானாம், கொஞ்சம் தடித்தவன், ஓரத்தை வெட்டினால் பொருந்துமாம். அம்மா கோபப்படவில்லை. "அவன் வந்து போடுவான் சாமி," என்றார். அந்த வருசம் நூற்றுவர் தலைவன் மழைக் கோட்டில் வந்தான். ஒருவரும் சிரிக்கவில்லை.

கவசம் உள் அறையில் ஆணியில் தொங்கியது. கறையான் ஏறாமல் அம்மா சுவரோரமாக மண்ணெண்ணெய் தடவுவார், மழை நாளில் அடுப்பங்கரைக்குக் கொண்டுபோய் வைப்பார். அந்தி சாயும் நேரம், அவன் மேல் கழுவி வரும் நேரத்துக்கு, போய் அந்தப் புடைப்பைத் தொடுவார். கேள்வியையும் கேட்பார். "நோகுதா மனே?" அடுத்த அறையில் இருக்கும் எனக்கு அதைக் கேட்கப் பொறுக்காது. சாமியாரின் படத்தில் இருந்த கல் இராசாவுக்குத் தலை போய்விட்டது. அவன் யாரென்று எவருக்கும் தெரியாது, கவசம் மட்டும் நிற்கிறது. எங்கள் வீட்டுக் கவசம் யாருடையது என்று எங்களுக்குத் தெரியும், ஆள்தான் இல்லை. இதில் எது மோசம் என்று நான் யோசித்துக்கொண்டு கிடப்பேன்.

இரண்டு வருசம் அம்மாவோடு சண்டை போட்டேன். ஊரில் மற்றத் தாய்மார் அழுது, பூசை கொடுத்து, கறுப்புச் சீலை உடுத்து, ஏதோ ஒரு கரைக்கு வந்துவிட்டார்கள். அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கார்த்திகையில் மரித்தவர்களின் நாளுக்கு அப்பாவின் குழியில் மெழுகுதிரி கொளுத்தப் போனபோது, அண்ணனுக்கும் ஒன்று கொளுத்தினேன். அம்மா அதை ஊதி அணைத்தார்.

"அவன் இல்லம்மா. செத்துப் போனான். உங்களுக்கும் தெரியும்."

"செத்தவன்ட மேல் எங்க? கொண்டந்து காட்டு. காட்டினா அழுறன்." பிறகு, "வீட்டில இரிக்கிறது ஆர்ர மேல்? அது இரிக்கும் மட்டும் அவனும் இரிக்கான்," என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. அவன் வருவான் என்று காத்திருக்கும் வீட்டில் வேறு எதுவும் நடக்காது. கலியாணம் நடக்காது, பெருநாள் நடக்காது, கூரை வேய்வது நடக்காது. அவனை அழுது முடித்தால்தான் நாங்கள் இருவரும் மிஞ்சுவோம் என்று எனக்குப் பட்டது.

பிறகு எங்கள் கரையில் சண்டை மூண்டது. ஷெல் விழ விழ, கடல் பக்கத்து எழுவான்கரைச் சனமெல்லாம் வாவியைக் கடந்து மேற்கே படுவான்கரைக்கு ஓடியது. ஆளுக்காள் அரிசி, சட்டி, ஆட்டுக்குட்டி என்று தூக்கினார்கள். அம்மா ஆணியிலிருந்து கவசத்தை எடுத்துத் தன் மார்பில் வைத்தார்.

"பின்னால இறுக்கிக் கட்டு புள்ள."

"இந்த நேரத்தில இது என்னத்துக்கம்மா?"

"கை ரெண்டும் வேணும்கா. கட்டு."

கட்டினேன். மேலே சீலையைச் சுற்றி மூடிக்கொண்டார். அரிசியை ஒரு கையிலும் என்னை மறு கையிலும் பிடித்தார். தோணியில் அளவுக்கு மேல் ஆட்கள். அக்கரை தெரிகிற தூரத்தில் அது சேற்றில் தட்டி நின்றது. தலைக்கு மேலே ஹெலி சுற்றியது. எல்லாரும் தண்ணீரில் குதித்தோம். எனக்கு நெஞ்சளவு தண்ணீர், குட்டையான அம்மாவுக்குக் கழுத்தளவு. அரிசியைத் தலையில் வைத்துக்கொண்டு, நாடியை உயர்த்திக்கொண்டு நடந்தார்.

அக்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க இடம் கிடைத்தது. சீலையை விலக்கிப் பார்த்தேன். கவசம் ஊறிப்போய் அம்மாவோடு ஒட்டிக் கிடந்தது. ஒரு நண்டைக் காணவில்லை, வாவியோடு போய்விட்டது.

"கழட்டுங்கம்மா, காய்ச்சல் வரும்."

"ஈரத்தில கழட்டினா வடிவு போயிரும். காயட்டும்."

வெயில் விழும் சுவரோரமாகப் போய்ச் சாய்ந்து உட்கார்ந்தார். அசையவில்லை, பேசவில்லை. மூச்சைக்கூட மெல்ல மெல்ல விட்டார். மத்தியானம் கழிந்து பொதுச் சமையலில் சோறு வந்தது. கையைத் தூக்கினால் ஒட்டு விலகும் என்றார். நான் சோற்றைக் குழைத்து உருண்டை உருண்டையாக அவர் வாயில் வைத்தேன். எங்கள் முற்றத்துப் பாய் ஞாபகம் வந்தது. அவருக்கும் வந்திருக்கும்.

பொழுது சாயக் காய்ந்துவிட்டது. நாடாவை அவிழ்த்து, இரண்டு கையாலும் மெதுவாகத் தூக்கி அவர் மடியில் வைத்தேன். கிழியவில்லை. உடையவில்லை. ஆனால் விலா எலும்பு இல்லை, ஒட்டிய வயிறு இல்லை. தொங்கிய மார்பும் சரிந்த வயிறும் தளர்ந்த தோளுமாக அது அம்மாவாக இருந்தது. கழுத்தில் அவர் போட்டிருந்த செபமாலையின் மணிகள் உட்பக்கம் வரிசையாகப் பதிந்திருந்தன.

அம்மா விரலை இடப்பக்கத்துக்குக் கொண்டுபோனார். தடவினார். புடைப்பு இல்லை. வலப்பக்கம் தடவினார். திரும்பவும் இடப்பக்கம் வந்தார். கவசத்தை வெளிச்சத்துக்குத் தூக்கி உள்ளே பார்த்தார்.

"இதுக்குள்ள அவன் எங்க புள்ள?"

அம்மா அதை மார்போடு அணைத்துக்கொண்டு ஒப்பாரியை எடுத்தார். இரண்டு வருசம் தொண்டையில் கிடந்தது ஒரேயடியாக வந்தது. பள்ளிக்கூடத்தில் இருந்த பெண்கள், எங்களுக்கு முன்பின் தெரியாதவர்கள், ஒவ்வொருவராக எழும்பி வந்து, தோளோடு தோள் பிடித்துச் சாவீட்டில் போல வட்டமாக உட்கார்ந்தார்கள். யார் செத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

இது நடக்க வேண்டும் என்றுதான் நான் இவ்வளவு காலமும் சண்டை போட்டேன். நடந்தபோது என்னால் தாங்க முடியவில்லை. வட்டத்துக்குள் புகுந்து அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அழாதீங்கம்மா. அவன் வருவான். வருவான்மா."

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை.